பார்பரா ஜார்டன் இரண்டு முறை தோற்றது ஏன், மூன்றாவது முறை ஜெயித்தது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலச் சட்டமன்றத்துக்கு 1962இல் நின்றார், தோற்றார். 1964இல் நின்றார், தோற்றார். 1966இல் நின்றார், ஜெயித்தார். பார்பரா ஜார்டனைப் பற்றி எழுதும்போது இந்த மூன்று வருடங்களை ஒரே மூச்சில் சொல்லி, விடாமல் முயன்றால் வெற்றி நிச்சயம் என்று முடித்துவிடுகிறார்கள். அவருடைய உழைப்பில் எனக்கு எள்ளளவும் சந்தேகம் இல்லை. ஆனால் 1964க்கும் 1966க்கும் இடையில் மாறியது வேட்பாளர் அல்ல, தொகுதி வரைபடம். அதைச் சொல்லாமல் கதையை முடித்தால், தோற்ற இரண்டு முறையும் அவர் ஏதோ குறைவாக உழைத்துவிட்டார் என்று ஆகிவிடும். என்னிடம் பலரும் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளை ஒன்றாகச் சேர்த்து இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

முதலில், யார் இந்த பார்பரா ஜார்டன்?

1936 பிப்ரவரி 21 அன்று ஹூஸ்டன் நகரத்தில், ஐந்தாவது வார்டு என்று சொல்லப்படும் கறுப்பின மக்கள் பகுதியில் பிறந்தவர். மூன்று பெண்களில் கடைக்குட்டி. அப்பா பெஞ்சமின் ஜார்டன் பாப்டிஸ்ட் போதகர், ரொம்பக் கண்டிப்பானவர். பள்ளிக்கூடம், கல்லூரி இரண்டுமே கறுப்பின மாணவர்களுக்கு என்று ஒதுக்கப்பட்டவைதான், ஏனென்றால் அப்போதைய டெக்சஸில் வேறு வழி கிடையாது. டெக்சஸ் சதர்ன் பல்கலைக்கழகத்தில் தாமஸ் ஃப்ரீமன் என்ற பேராசிரியரின் விவாத அணியில் சேர்ந்து பேசப் பழகினார். ஹார்வர்டு அணியோடு மோதி அந்த அணி சமநிலை கண்டது அவர்களுக்கெல்லாம் பெரிய பெருமை. அப்புறம் பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் சட்டம், 1959இல் பட்டம். ஒரு வருடம் அலபாமா மாநிலத்தின் டஸ்கீகி கல்லூரியில் பாடம் நடத்திவிட்டு ஹூஸ்டனுக்கே திரும்பிவிட்டார். அலுவலகம் எடுக்க வசதி இல்லை, அதனால் அப்பா அம்மா வீட்டுச் சாப்பாட்டு மேசைதான் முதல் வக்கீல் ஆபீஸ்.

வக்கீல் சரி, அரசியலுக்கு எப்படி வந்தார்?

1960 ஜனாதிபதி தேர்தலில் கென்னடி–ஜான்சன் அணிக்கு வேலை பார்க்கப் போனார். ஆரம்பத்தில் கொடுத்தது கடித உறை ஒட்டுகிற வேலை. பேச வேண்டிய ஒருவர் வராமல் போன நாளில் இவரை மேடையேற்றினார்கள். அந்தக் குரலைக் கேட்ட பிறகு யாரும் அவரை உறை ஒட்ட அனுப்பவில்லை. பேசியதோடு நிற்காமல், ஹூஸ்டனில் கறுப்பின மக்கள் வாழும் சுமார் 40 பூத்களில் தெருவுக்கு ஒரு ஆள் என்று வைத்து ஓட்டர்களைக் கூட்டி வரும் வேலையைக் கட்டி எழுப்பியவர்களில் இவரும் ஒருவர். யார் வீட்டுக் கதவை யார் தட்டுவது என்கிற அந்த அனுபவம்தான் பின்னால் அவருக்கு மூலதனம்.

டெக்சஸ் சட்டமன்றத்துக்கு நிற்பது என்றால் நம் ஊர் மாதிரி ஒரு தொகுதியில் நிற்பதுதானே?

இல்லை. இந்த ஒரு விஷயம் புரிந்தால் பாதிக் கதை புரிந்துவிடும்.

டெக்சஸ் சட்டமன்றத்துக்கு இரண்டு அவைகள். கீழவையில் 150 பேர், செனட் எனப்படும் மேலவையில் 31 பேர். ஹூஸ்டன் நகரம் இருப்பது ஹாரிஸ் கவுண்டியில் (கவுண்டி என்பதை நம் மாவட்டம் மாதிரி வைத்துக்கொள்ளுங்கள்). அந்தக் கவுண்டிக்குக் கீழவையில் 12 இடங்கள். நாமாக இருந்தால் கவுண்டியைப் பன்னிரண்டு துண்டாகப் பிரித்து, துண்டுக்கு ஒரு எம்எல்ஏ என்று வைத்திருப்போம். அங்கே பிரிக்கவே இல்லை. பன்னிரண்டு இடத்துக்கும் எண் மட்டும் கொடுத்து, ஒவ்வொரு எண்ணுக்கும் கவுண்டி முழுக்க ஓட்டுப் போட வைத்தார்கள். ஐந்தாவது வார்டில் இருக்கிறவரும் பன்னிரண்டு இடத்துக்கும் ஓட்டுப் போடுவார், கவுண்டியின் மறு ஓரத்தில் இருக்கிற வெள்ளையர் புறநகரில் இருக்கிறவரும் அதே பன்னிரண்டு இடத்துக்கும் போடுவார்.

மேலோட்டமாகப் பார்த்தால் எல்லோருக்கும் சமம் மாதிரித்தான் தெரியும். 1960 கணக்கெடுப்பின்படி கவுண்டியின் மக்கள்தொகை 12,43,158. அதில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு கறுப்பின மக்கள். துண்டு போட்டிருந்தால் இரண்டு இடமாவது அவர்கள் கையில் இருந்திருக்கும். துண்டு போடாததால், மீதி நான்கு பங்கில் பெரும்பாலானோர் ஒரு கறுப்பின வேட்பாளருக்கு ஓட்டுப் போட மாட்டேன் என்று இருந்தால் போதும், பன்னிரண்டில் ஒன்றுகூடக் கிடைக்காது. ஒவ்வொரு இடத்திலும் அதே கூட்டம், அதே பெரும்பான்மை, அதே முடிவு.

அவர் தோற்றது கட்சிக்குள் நடந்த பிரைமரி தேர்தலில்தானாமே? அப்புறம் ஏன் சட்டமன்றத் தேர்தலில் தோற்றதாகச் சொல்கிறார்கள்?

ஆமாம், 1962, 1964 இரண்டுமே ஜனநாயகக் கட்சியின் வேட்பாளர் யார் என்று முடிவு செய்யும் பிரைமரி தேர்தல்கள். ஆனால் அந்தக் காலத்து டெக்சஸில் பெரும்பாலான இடங்களில் ஜனநாயகக் கட்சி பிரைமரியில் ஜெயித்தவர்தான் உறுப்பினர், நவம்பரில் நடப்பது சடங்கு. அதனால்தான் பல வருடங்கள் கறுப்பின மக்களைப் பிரைமரிக்குள்ளேயே விடாமல் வைத்திருந்தார்கள். 'இது கட்சியின் சொந்த விவகாரம், வெள்ளையர் மட்டும்தான் உறுப்பினர்' என்பது அவர்கள் சொன்ன காரணம். அதை உடைத்தவர் ஹூஸ்டனைச் சேர்ந்த லோனி ஸ்மித் என்ற கறுப்பினப் பல் மருத்துவர். அவர் போட்ட வழக்கில், தர்குட் மார்ஷல் என்ற கறுப்பின வக்கீல் வாதாடி, 1944இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வெள்ளையர் பிரைமரி செல்லாது என்று தீர்ப்பளித்தது. அப்போது பார்பராவுக்கு எட்டு வயது. உள்ளே போகும் உரிமை அப்படிக் கிடைத்தது. உள்ளே போய் ஜெயிக்கிற வாய்ப்பு வருவதற்கு இன்னும் 22 வருடம் பிடித்தது.

1962இல் என்ன நடந்தது?

ஹாரிஸ் கவுண்டி ஜனநாயகக் கட்சிக்குள் தொழிற்சங்கத்தினரும் தாராளவாத வெள்ளையர்களும் கறுப்பின மக்களும் சேர்ந்த ஒரு கூட்டணி இருந்தது. அதில் முக்கியமானவர் கிறிஸ் டிக்ஸி என்ற தொழிலாளர் வக்கீல். அவர்தான் நீங்கள் நில்லுங்கள் என்று பார்பராவைத் தூண்டினார். வேட்புமனுக் கட்டணம் கட்டக்கூடக் கையில் பணம் இல்லை, கடன் வாங்கித்தான் கட்டினார். எதிரே வில்லிஸ் வாட்லி என்ற வெள்ளையர், அவரும் வக்கீல்தான்.

பிரசாரம் எப்படிப் போனது என்பதைப் பின்னாளில் தன் சுயசரிதையில் அவரே சொல்லியிருக்கிறார். கூட்டணியின் வேட்பாளர்கள் எல்லோரும் வரிசையாகப் பேசும் கூட்டங்களில் இவர் பேசி முடித்தால் வெள்ளையர் நிறைந்த அரங்கமும் எழுந்து நின்று கைதட்டும். நம்பிக்கை வந்துவிட்டது. 26 வயது, எல்லா இடத்திலும் கைதட்டல், யாருக்குத்தான் நம்பிக்கை வராது? எண்ணிப் பார்த்தபோது சுமார் 46,000 ஓட்டு அவருக்கு, சுமார் 65,000 வாட்லிக்கு.

பூத் வாரியாகப் பார்த்ததில் கறுப்பின மக்கள் பகுதிகள் அவரைக் கைவிடவில்லை. எழுந்து நின்று கைதட்டியவர்களின் பகுதிகளில்தான் ஓட்டு வரவில்லை. மேடையில் உங்கள் பேச்சைக் கேட்டு மெய்சிலிர்த்த ஒருவர் திரைக்குப் பின்னால் போய் ஓட்டு இயந்திரத்தில் வேறு ஒருவரின் பெயருக்கான நெம்புகோலை இழுத்திருக்கிறார் என்று தெரிய வரும்போது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இந்த இடத்தை எத்தனை முறை படித்தாலும் எனக்கு மனசு கனத்துப் போகிறது.

ஓட்டுப் போடவே காசு கட்ட வேண்டியிருந்ததாமே, உண்மையா?

உண்மை. போல் டாக்ஸ், அதாவது வாக்கு வரி. டெக்சஸில் மாநிலத்துக்கு 1 டாலர் 50 சென்ட், அதற்கு மேல் கவுண்டிக்கு 25 சென்ட் வரை. 1 டாலர் 75 சென்ட் பெரிய தொகையா என்று கேட்கலாம். 1962இல் மத்திய சட்டப்படி குறைந்தபட்சக் கூலி மணிக்கு 1 டாலர் 15 சென்ட், அதுவும் வீட்டு வேலை செய்யும் பெண்களுக்கும் வயலில் வேலை செய்பவர்களுக்கும் பொருந்தாது. ஐந்தாவது வார்டில் அப்படிப்பட்ட வேலைக்குப் போனவர்கள் ஏராளம்.

தொகையைவிடத் தேதி கொடுமை. ஜனவரி 31க்குள் கட்டி ரசீது வாங்கியிருக்க வேண்டும். பிரைமரி மே மாதம். யார் நிற்கிறார்கள் என்றே ஊருக்குச் சரியாகத் தெரியாத நேரத்தில், மூன்று மாதம் கழித்து வரப்போகிற தேர்தலுக்காக, வீட்டில் இருக்கிற கடைசி இரண்டு டாலரை எடுத்துக்கொண்டு போய் வரிசையில் நின்று கட்ட வேண்டும். பிப்ரவரியில் பார்பரா ஜார்டனின் பேச்சைக் கேட்டு 'இந்தப் பெண்ணுக்குப் போட வேண்டும்' என்று ஒருவர் முடிவு செய்தால், அந்த வருடத்துக்கு அது காலம் கடந்த முடிவு.

எல்லாம் அமைப்பின் தவறு என்றால் வேட்பாளர் மீது குறையே இல்லையா?

அன்றைக்கே குறை சொன்னார்கள். உள்ளூர்ப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவர் அவர் முகத்துக்கு நேராக, நீங்கள் கறுப்பர், பெண், உருவமும் பெரிது, இப்படி ஒரு தோற்றத்தை மக்கள் விரும்புவதில்லை என்ற அர்த்தத்தில் பேசியிருக்கிறார். சுயசரிதையில் பார்பரா இதைப் பதிவு செய்திருக்கிறார். அந்த மூன்றில் எதை அவர் மாற்றிக்கொண்டிருக்க முடியும்? எதையுமே மாற்றிக்கொள்ளாமல் நான்கு வருடத்தில் ஜெயித்தார், அந்தப் பேராசிரியருக்கு அதைவிட நல்ல பதில் இல்லை.

அவர் பக்கத்துத் தவறு என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால், முதல் முறை கூட்டணி சொன்ன கணக்கை அப்படியே நம்பிவிட்டார். இத்தனை சதவீதம் இங்கிருந்து வரும், அத்தனை அங்கிருந்து வரும் என்று தாளில் போட்ட கணக்கு. தேர்தல் வேலை பார்த்தவர்கள் எல்லோருக்கும் இந்தக் கணக்கு தெரியும், எல்லோரும் ஒரு முறையாவது ஏமாந்திருப்பார்கள்.

1964இல் மறுபடியும் அதே கவுண்டியில் அதே ஆளை எதிர்த்து ஏன் நின்றார்?

வேறு இடம் இல்லை. கவுண்டி முழுக்க ஒரே தொகுதியாக இருக்கும்போது எந்த எண்ணில் நின்றாலும் ஓட்டர்கள் அதே ஆட்கள்தான். முதல் முறையைவிடப் பேர் தெரிந்திருந்தது, அனுபவம் கூடியிருந்தது. வாட்லி இப்போது பதவியில் இருக்கிற உறுப்பினர். முடிவு மாறவில்லை.

இந்த இரண்டாவது தோல்விதான் அவரை அதிகம் உலுக்கியது. காரை எடுத்துக்கொண்டு தனியாகச் சுற்றியபடி, இது இவ்வளவு பாடுபடுவதற்குத் தகுந்ததுதானா, டெக்சஸை விட்டே போய்விடலாமா என்று யோசித்திருக்கிறார். வீட்டிலும் நட்பு வட்டத்திலும் எப்போது கல்யாணம் என்ற கேள்வி வேறு. 28 வயதில் இரண்டு தேர்தல் தோற்ற பெண்ணிடம் ஊர் என்ன கேட்கும் என்று நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அரசியலுக்குத்தான் முதலிடம், கல்யாணம் அதற்குப் பிறகுதான் என்று அப்போது முடிவெடுத்ததாக எழுதியிருக்கிறார். கடைசி வரை கல்யாணம் செய்துகொள்ளவில்லை.

அப்படியானால் 1964க்கும் 1966க்கும் நடுவில் என்னதான் மாறியது?

இரண்டு விஷயங்கள். இரண்டுமே நீதிமன்றத்தில் மாறின.

முதலாவது வரைபடம். கீழவையைப் பற்றி மேலே சொன்னேன், செனட் அதைவிட மோசம். எந்த ஒரு கவுண்டிக்கும் ஒரு செனட்டருக்கு மேல் கிடையாது என்று டெக்சஸ் அரசியல் சட்டத்திலேயே எழுதி வைத்திருந்தார்கள். நானே ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 1960இல் டெக்சஸ் மக்கள்தொகை 95,79,677. அதை 31ஆல் வகுத்தால் ஒரு செனட்டருக்குச் சுமார் 3,09,000 பேர். ஹாரிஸ் கவுண்டியின் 12,43,158ஐ அதனால் வகுத்தால் நான்கு வருகிறது. நான்கு செனட்டர்கள் இருக்க வேண்டிய இடத்தில் ஒரே ஒருவர்! மாநிலத்தில் எட்டில் ஒருவருக்கும் மேல் வாழ்கிற கவுண்டிக்கு முப்பத்தொன்றில் ஒரு குரல். நகரம் எவ்வளவு வளர்ந்தாலும் கிராமப்புற நிலக்கிழார்களின் கையிலிருந்து அவை நழுவிவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது.

1962இல் டென்னசி மாநிலத்திலிருந்து போன பேக்கர் எதிர் கார் வழக்கில், தொகுதிப் பங்கீட்டில் நீதிமன்றம் தலையிடலாம் என்றது உச்ச நீதிமன்றம். 1964 ஜூனில், பார்பரா இரண்டாவது முறை தோற்ற கொஞ்ச நாளிலேயே, அலபாமா மாநிலத்தின் ரேனால்ட்ஸ் எதிர் சிம்ஸ் வழக்கில் மாநிலச் சட்டமன்றத்தின் இரண்டு அவைகளுமே மக்கள்தொகை அடிப்படையில்தான் அமைய வேண்டும், ஒருவருக்கு ஒரு ஓட்டு, ஓட்டுக்கெல்லாம் ஒரே மதிப்பு என்று தீர்ப்பு வந்தது. டெக்சஸிலும் வழக்கு நடந்தது. 1965இல் வேறு வழியில்லாமல் தொகுதிகளைத் திருத்தி வரைந்தார்கள். ஹாரிஸ் கவுண்டிக்குச் செனட்டில் கூடுதல் இடங்கள் கிடைத்தன. அதில் ஒன்று 11ஆவது செனட் தொகுதி. ஐந்தாவது வார்டு அதற்குள் வந்தது. கறுப்பின மக்கள், மெக்சிகோ வம்சாவளியினர், தொழிற்சங்கத்தில் இருந்த வெள்ளைத் தொழிலாளர்கள் எல்லோரும் சேர்ந்து வாழும் பகுதி.

இரண்டாவது, வாக்கு வரி. 1964 ஜனவரியில் வந்த 24ஆவது அரசியல் சட்டத் திருத்தம் மத்தியத் தேர்தல்களுக்கு மட்டும் அதை ஒழித்தது. மாநிலத் தேர்தலுக்கு டெக்சஸ் விடாமல் வசூலித்துக்கொண்டிருந்தது. 1966 பிப்ரவரியில் மத்திய நீதிமன்றம் டெக்சஸ் வரி செல்லாது என்றது, அடுத்த மாதமே வர்ஜீனியா வழக்கில் உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து முடித்து வைத்தது. மே மாதம் பிரைமரி. பார்பரா ஜார்டன் மூன்றாவது முறை நின்றபோது, அவருக்கு ஓட்டுப் போட யாரும் காசு கட்ட வேண்டியதில்லை.

1965 வாக்குரிமைச் சட்டம்தானே காரணம் என்று படித்தேன்?

பாதி சரி. கறுப்பின மக்களின் ஓட்டுரிமையைக் காக்க மத்திய அரசு கொண்டுவந்த அந்தச் சட்டத்தின் கடுமையான பிரிவுகள் ஆரம்பத்தில் டெக்சஸுக்குப் பொருந்தவில்லை. ஆனால் வாக்கு வரியை எதிர்த்து மத்திய அரசு வழக்குப் போட வேண்டும் என்று அதில் ஒரு பிரிவு இருந்தது, டெக்சஸ் வழக்கு அதன்படி போடப்பட்டதுதான்.

அவரை ஜெயிக்க வைக்கவே அந்தத் தொகுதியை வரைந்தார்கள் என்கிறார்களே?

இந்தக் கேள்வியில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. கவுண்டி முழுக்க ஒரே தொகுதியாக வைத்து வெள்ளையர் மட்டுமே ஜெயித்துக்கொண்டிருந்த காலத்தில் இது யாருக்காக வரைந்த கோடு என்று ஒருவரும் கேட்கவில்லை. கோட்டை மாற்றியதும் கேட்கிறார்கள். 1965இல் வரைந்த அவையில் ஒரு கறுப்பின உறுப்பினர்கூட இல்லை. அவர்களாக விரும்பி வரையவில்லை, நீதிமன்றம் வரைய வைத்தது. அக்கம்பக்கமாக வாழ்கிற மக்களை ஒரே தொகுதியில் வைத்தால் ஐந்தாவது வார்டு ஒன்றாகத்தான் இருக்கும். அப்படி வைத்தும் மற்றவர்கள் ஓட்டும் சேர்ந்தால்தான் நிச்சயமாக ஜெயிக்கலாம் என்ற நிலைமை.

அந்த இரண்டு தோல்விகளும் வீண்தானா?

வீண் இல்லை. புதிய தொகுதிக்குள் எந்தெந்த பூத்கள் வருகின்றன என்று எடுத்து, 1962, 1964 முடிவுகளோடு வைத்துப் பார்த்தார். அதில் பெரும்பாலான பூத்களில் அவர் ஏற்கெனவே ஜெயித்திருந்தார். கவுண்டி மொத்தத்தில் மூழ்கிப் போன அந்த ஓட்டுகள் எல்லாம் இப்போது ஒரே கோட்டுக்குள் இருந்தன. வேறு எந்த வேட்பாளரிடமும் அப்படி ஒரு பட்டியல் இருந்திருக்காது. எந்தத் தெருவில் தனக்கு ஆள் இருக்கிறது, எந்தப் பள்ளிக்கூட பூத்தில் எத்தனை விழும் என்று தோற்றுத் தோற்றுச் சேர்த்த கணக்கு அது. தோல்விக்கு இப்படி ஒரு பயன் இருக்கும் என்று தோற்ற அன்றைக்கு யாருக்கும் தெரியாது.

1966இல் எதிர்த்து நின்றவர் இனவெறி பிடித்தவரா?

அப்படிச் சொல்வது நியாயமாகாது. சார்லஸ் விட்ஃபீல்டு என்பவர், கீழவை உறுப்பினராக இருந்தவர், தொழிலாளர்கள் பக்கம் நின்று ஓட்டளித்தவர், கட்சிக்குள் தாராளவாதி என்றே பேர் வாங்கியவர். கூட்டணியின் ஆதரவு யாருக்கு என்பதில் இருவருக்கும் போட்டி வந்தது, பார்பரா வாதாடி வாங்கினார். இரண்டு முறை உங்களோடு நின்று தோற்றிருக்கிறேன், ஜெயிக்க வாய்ப்புள்ள தொகுதி வந்ததும் வேறு ஆளுக்குக் கொடுப்பீர்களா என்ற கேள்வி அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் உறுத்தியிருக்கும்.

ஆதரவு கைவிட்டுப் போனதும் விட்ஃபீல்டு தரப்பு ஒரு நோட்டீஸ் போட்டது. 'வெள்ளையர் ஒருவர் ஜெயிக்க முடியுமா?' என்று கேள்வி. கறுப்பின மக்கள் கூட்டமாகச் சேர்ந்து இனம் பார்த்து ஓட்டுப் போடப் போகிறார்கள் என்று குத்திக்காட்டுவது அதன் நோக்கம். பார்பரா அந்தக் கேள்வியையே கூட்டம் கூட்டமாக எடுத்துப் போனார். வெள்ளையர் ஜெயிக்க முடியுமா என்று கேட்கிறார்கள், முடியாது, இந்த முறை முடியாது என்பதுதான் மேடையில் அவர் சொன்ன பதில். கூட்டமாக ஓட்டுப் போடுவதைப் பற்றி எங்களுக்குப் பாடம் எடுக்க வேண்டாம், நூறு வருடமாக நீங்கள் செய்துவருவதும் அதுதான் என்றும் சொன்னார். கிட்டத்தட்ட இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் ஜெயித்தார்.

1883க்குப் பிறகு டெக்சஸ் செனட்டில் நுழைந்த முதல் கறுப்பினத்தவர் அவர். அந்த அவைக்கு வந்த முதல் கறுப்பினப் பெண்ணும் அவர்தான்.

அந்த வருடம் அவர் மட்டும்தான் ஜெயித்தாரா?

கீழவைக்கு இரண்டு பேர் போனார்கள். ஹூஸ்டனிலிருந்து கர்ட்டிஸ் கிரேவ்ஸ், டாலஸிலிருந்து ஜோசப் லாக்ரிட்ஜ். ஒரே வருடத்தில் மூன்று பேர் என்பதே காரணம் ஒரு தனிமனிதரின் விடாமுயற்சி மட்டும் இல்லை என்பதற்கு அத்தாட்சி. டாலஸ் கவுண்டியில் கீழவைக்கு ஒரே தொகுதியில் பல உறுப்பினர் என்ற முறை அதற்குப் பிறகும் தொடர்ந்தது. டாலஸிலும் சான் அன்டோனியோ இருக்கும் பெக்சார் கவுண்டியிலும் அந்த முறை சிறுபான்மையினரை ஒதுக்கி வைக்கிறது என்று உச்ச நீதிமன்றம் சொல்வதற்கு 1973 ஆகிவிட்டது.

பதவியேற்ற நாள் எப்படி இருந்தது?

1967 ஜனவரி. ஹூஸ்டனிலிருந்து பேருந்து பேருந்தாக மக்கள் ஆஸ்டின் நகரத்துக்குப் போய் செனட் மாடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அவர் அவைக்குள் நடந்து வந்ததும் மாடம் ஆர்ப்பரித்தது. அவையில் சத்தம் போடக் கூடாது என்பது விதி. பார்பரா தலை நிமிர்ந்து மேலே பார்த்து, ஆள்காட்டி விரலை உதட்டில் வைத்தார். சட்டென்று அமைதி.

ஜெயித்து என்ன செய்தார்?

டெக்சஸின் முதல் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வருவதில் அவருக்குப் பெரிய பங்கு. வேலைக்கு ஆள் எடுப்பதில் பாகுபாட்டைத் தடுக்கவும், வேலையில் அடிபட்டவர்களுக்கு இழப்பீடு கூட்டவும் உழைத்தார்.

எனக்குப் பிடித்தது இன்னொன்று. அவருடைய முதல் வருடத்திலேயே, வாக்காளர் பதிவை இறுக்குகிற ஒரு மசோதா வந்தது. டெக்சஸ் செனட்டில் அப்போது ஒரு வழக்கம் இருந்தது (2015இல் மாற்றிவிட்டார்கள்), மூன்றில் இரண்டு பங்கு சம்மதம் இல்லாமல் மசோதாவை விவாதத்துக்கு எடுக்க மாட்டார்கள். ஆக 31 பேரில் 11 பேர் மறுத்தால் போதும். அவர் ஆவேசமாகப் பேசவில்லை. ஒவ்வொரு செனட்டராகப் போய்ப் பார்த்து, தன்னைச் சேர்த்து 11 பேரைத் தேற்றினார். மசோதா செத்தது. வாக்கு வரியை அனுபவித்துப் பார்த்தவருக்கு, பதிவு விதியில் ஒரு வரி மாறினால் எத்தனை ஓட்டு காணாமல் போகும் என்று தெரியும்.

1966இல் ஜெயித்தவர் 1968இல் ஏன் திரும்ப நின்றார்?

புதிய வரைபடம் வந்ததால் எல்லா செனட்டர்களும் ஒரே நேரத்தில் தேர்வானார்கள். யாருக்கு நான்கு வருடம், யாருக்கு இரண்டு வருடம் என்று குலுக்கிப் போட்டார்கள். அவருக்கு இரண்டு வந்தது. 1968இல் மறுபடி ஜெயித்து முழுப் பதவிக்காலம் இருந்தார்.

அவர் மீது விமர்சனமே கிடையாதா?

உண்டு. 1971இல் தொகுதிகளைத் திரும்ப வரைந்தபோது செனட்டின் மறுசீரமைப்புக் குழுவில் அவர் துணைத் தலைவர். ஹூஸ்டனின் மையத்தில் 18ஆவது காங்கிரஸ் (அதாவது அமெரிக்க நாடாளுமன்ற) தொகுதி உருவானது, 1972இல் அங்கேதான் நின்றார். அவரை எதிர்த்து நின்றவர் அதே கர்ட்டிஸ் கிரேவ்ஸ். தனக்கு ஒரு காங்கிரஸ் தொகுதி கிடைப்பதற்காகச் செனட்டில் கறுப்பின மக்களின் இடத்தைச் சிதைய விட்டுவிட்டார், அதிகாரத்தில் இருக்கிற வெள்ளையர்களோடு ரொம்பவும் ஒத்துப்போகிறார் என்று கிரேவ்ஸ் குற்றம்சாட்டினார். பார்பரா காலி செய்த செனட் இடத்துக்கு உடனே ஒரு கறுப்பினத்தவர் வர முடியவில்லை என்பது உண்மை. இந்தக் கேள்வியைத் தள்ளிவிட முடியாது என்றுதான் நான் நினைக்கிறேன், கோடு யாரை வெளியே தள்ளும் என்று தன் வாழ்க்கையிலேயே பார்த்தவர் அவர் என்பதால் இன்னும் கூடுதலாக. ஓட்டர்கள் பெரிய வித்தியாசத்தில் அவர் பக்கமே நின்றார்கள்.

காங்கிரசில் 1974 ஜூலையில், ஜனாதிபதி நிக்சன் மீதான பதவி நீக்க விசாரணையில் அவர் பேசிய பேச்சைத் தொலைக்காட்சியில் நாடே பார்த்தது. அதைப் பற்றி நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். குறைவாக எழுதப்பட்டது அடுத்த வருடம் நடந்தது. வாக்குரிமைச் சட்டத்தை 1975இல் நீட்டித்தபோது டெக்சஸையும் அதன் கீழ் கொண்டு வரவும், ஸ்பானிஷ் போன்ற மொழி பேசும் சிறுபான்மையினரைச் சேர்க்கவும் பாடுபட்டு ஜெயித்தார். அதன் பிறகு 2013 வரை டெக்சஸில் தொகுதிக் கோட்டையோ பதிவு விதியையோ மாற்ற வேண்டுமானால் முன்கூட்டியே மத்திய அரசிடம் அனுமதி வாங்க வேண்டும் என்று ஆனது.

அவர் அப்பா இதையெல்லாம் பார்த்தாரா?

ஒரு நாள் பார்த்தார். பாஸ்டனில் சட்டம் படிக்க வைக்க, அதுவரை எதற்கும் செலவழிக்காத அளவு பணத்தைச் செலவழித்த மனிதர். 1972இல் செனட்டர்கள் பார்பராவைத் தங்கள் தற்காலிகத் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். கவர்னரும் துணை கவர்னரும் மாநிலத்தில் இல்லாத நாளில் அந்தப் பொறுப்பு தற்காலிகத் தலைவருக்கு வரும். அதன்படி 1972 ஜூன் 10 அன்று ஒரு நாள் டெக்சஸின் கவர்னராக அவர் இருந்தார். உடம்பு முடியாமல் இருந்தும் பெஞ்சமின் ஜார்டன் ஆஸ்டினுக்கு வந்து, மகளை அந்த இடத்தில் பார்த்தார். அன்றைக்கே பக்கவாதம் தாக்கி அவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். மறுநாள் இறந்துபோனார்.